அடுப்படி அரட்டை: உளவாளியின் கோட்டும் என் பிள்ளையின் கோட்டும்

போன மாதம் காலை எட்டு மணிக்கு யாராவது எங்கள் வீட்டுக்குள் நுழைந்திருந்தால் திகைத்துப் போயிருப்பார்கள். நடுக்கூடத்தில் என் மூத்த பிள்ளை கோட்டும் டையுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இட்லியைப் பிட்டு மிளகாய்ப்பொடியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். மார்பு மேல் எண்ணெய் சொட்டாமல் இருக்க ஒரு பழைய துண்டு வேறு!

"ஏம்மா, பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று என் மாமியார் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒண்ணுமில்லை அத்தை. கோட்டுப் போட்டுப் பழகிக்கிறான்."

"கோட்டுப் போட ஒரு பழக்கமா? நல்ல கூத்து!"

கூத்துதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதையும் இருக்கிறது. சகோதரிகளே, கேளுங்கள்.

பிள்ளைக்குப் படிப்பு முடிகிற வருஷம். முதல் இன்டர்வியூ. கோட்டு, டை கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். புதிதாகத் தைக்கக் கையில் தோதில்லை. என் அண்ணன் மகனின் கோட்டை இரவல் வாங்கி அனுப்பினேன். தோள் இரண்டு விரல் அளவு தொங்கிற்று. கை பாதி உள்ளங்கையை மூடிற்று. "பரவாயில்லை, உள்ளே இருக்கிற சரக்குதானே முக்கியம்" என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

சாயந்திரம் திரும்பி வந்தவன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தான். காபியைக்கூடத் தொடவில்லை. வெகு நேரம் கழித்துச் சொன்னான்: "கேள்விக்கெல்லாம் பதில் தெரிஞ்சுதும்மா. ஆனா கையை எங்கே வெச்சுக்கிறதுன்னே தெரியலை. கழுத்தை இறுக்குது, காலரையே இழுத்துக்கிட்டிருந்தேன். நான் இல்லாத வேற யாரோ அங்கே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்துச்சு."

பெற்ற வயிறு எப்படி இருந்திருக்கும்? என்னவர் சமாதானம் சொல்லப் பார்த்தார். "நானே கல்யாண ரிசப்ஷன் அன்னிக்குப் போட்டதோட சரிடா. டை முடிச்சைக்கூட போட்டோக்காரர்தான் போட்டுவிட்டார்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அன்று இரவு மனசு மாறட்டும் என்று சின்னவன் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படம் போட்டான். முதல் பாண்ட் படம், 1962-ல் வந்த 'டாக்டர் நோ'. எனக்கு அந்த வகைப் படங்கள் அவ்வளவாகப் பிடிக்காது. வெடி, துப்பாக்கி, போதாததற்குப் பெண்களை அவன் கைக்குட்டை மாதிரி நடத்துகிற அழகு! ஆனால் அன்று எனக்குக் கதை கண்ணில் படவில்லை, கோட்டுதான் பட்டது. சூதாட்ட மேஜையில் உட்கார்ந்து அந்த ஷான் கானரி தன் பெயரைச் சொல்கிறாரே, அந்த முதல் காட்சியில் கருநீல டின்னர் ஜாக்கெட் அவர் மேல் தோல் போல ஒட்டிக் கிடக்கிறது. கை எங்கே இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

"இவர் பெரிய இடத்துப் பிள்ளையாக இருக்கும்" என்றேன்.

"இல்லைம்மா. எடின்பரோவில் ஏழைக் குடும்பம். அப்பா லாரி ஓட்டினவர். இவரே சின்ன வயசில் பால் ஊத்தினவர்தான்" என்றான் சின்னவன். அவனுக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பால்காரப் பையனுக்கு இந்தத் தோரணை எங்கிருந்து வந்தது? அதற்குப் பிறகு இரண்டு வாரம், பாத்திரம் கழுவிய கையோடு உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். பிள்ளைகள் சொன்னதையும் படித்துக் காட்டியதையும் சேர்த்து இங்கே கொட்டுகிறேன்.

படத்தின் இயக்குநர் டெரன்ஸ் யங் கேம்பிரிட்ஜில் படித்தவர். உடை விஷயத்தில் கெட்டிக்காரர். கானரியைத் தன்னுடைய சொந்தத் தையற்காரரிடமே அழைத்துப் போனாராம். லண்டனில் கடை வைத்திருந்த ஆண்டனி சின்கிளேர் என்பவர் அவர். சட்டைக்கு டர்ன்புல் அண்ட் ஆஸர் என்ற கடை. தைத்து முடித்ததும், 'இதைப் போட்டுக்கொண்டே தூங்கு' என்று கானரிக்குக் கட்டளையாம்! விடிய விடியப் போட்டுப் புரண்டால்தான் கோட்டு இருக்கிற நினைப்பே போகும் என்பது யங்கின் கணக்கு. இது இன்றைக்கும் சினிமா உலகில் சொல்லிச் சொல்லி மகிழ்கிற கதை.

இப்போது புரிகிறதா, எங்கள் வீட்டில் இட்லியும் கோட்டும் ஏன் சேர்ந்தன என்று?

சரி, அந்தக் கோட்டு அப்படி என்ன ஒசத்தி? உற்றுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, அதுதான் ஒசத்தி! சாம்பல், கருநீலம் இந்த இரண்டு நிறங்கள்தான் அதிகம். தோளில் பஞ்சு திணித்துத் தூக்கவில்லை. இடுப்பில் மட்டும் லேசான பிடிப்பு. பையில் வெள்ளைக் கைக்குட்டை ஒரு நேர்கோடாகத் தெரியும். டை பெரும்பாலும் கருநீலப் பட்டு. தூரத்தில் ஒரே நிறமாக இருக்கும், கிட்டப் போனால் நெசவிலேயே ஒரு சொரசொரப்பு தெரியும். நம் ஊரில் சாதாரணமாகத் தெரிகிற ஒற்றை நிறப் புடவையைத் தொட்டுப் பார்த்தால்தான் அசல் பட்டு என்று தெரியுமே, அந்த மாதிரி.

உளவாளிக்கு இது பொருந்துகிறது பாருங்கள். பத்துப் பேர் இருக்கிற அறையில் அவன் மரியாதைக்குரியவனாகவும் தெரிய வேண்டும். வெளியே போன பிறகு யாருக்கும் அடையாளம் சொல்லத் தெரியவும் கூடாது. பாண்டைக் கற்பனை செய்த எழுத்தாளர் இயான் ஃப்ளெமிங் தம் நாவல்களில் அவனுக்குக் கொடுத்ததும் கருநீல சூட்டும் பின்னல் போட்ட கறுப்புப் பட்டு டையும்தான். தினமும் அதுவே. முதல் நாவல் 1953-ல் வந்தது.

அவர் 1957-ல் எழுதிய 'ஃப்ரம் ரஷ்யா, வித் லவ்' நாவலில் ஒரு வேடிக்கை வருகிறது. ரயிலில் ஒருவன் நண்பன் போல வந்து ஒட்டிக்கொள்கிறான். அவன் டையில் பெரிய முக்கோணமாக வின்ட்ஸர் முடிச்சு. பாண்டுக்கு அதைப் பார்த்ததும் மனசு கசக்கிறது. இத்தனை மெனக்கெட்டு முடிச்சுப் போடுகிறவன் தன்னைத் தானே ரசிக்கிறவன் என்று சந்தேகம். பிறகு, 'சே, முடிச்சை வைத்து மனிதனை எடை போடலாமா' என்று தள்ளிவிடுகிறான். கடைசியில் வந்தவன்தான் கொலைகாரன்! 1963-ல் படமாக எடுத்தபோது வேறொரு துப்பை வைத்தார்கள்: அவன் மீனுக்குச் சிவப்பு ஒயின் கேட்கிறான்.

வில்லன்களின் உடுப்பைக் கவனியுங்கள். டாக்டர் நோவும், வெள்ளைப் பூனையைத் தடவிக்கொண்டே இருக்கிற புளோஃபெல்டும் டையே கட்டுவதில்லை. நம் நேரு கோட்டின் ஜாடையில் கழுத்து வரை மூடிய சட்டை. தன் உலகத்துக்குத் தானே ராஜா, ஊர் வழக்கம் எனக்கில்லை என்கிற அகம்பாவம் அதில் தெரிகிறது. 1964-ல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' வில்லனுக்குத் தங்கத்தின் மேல் பைத்தியம். அவன் உடுப்பில் எப்போதும் மஞ்சளும் தங்க நிறமும்தான். மனசில் இருக்கிற பேராசை துணியில் வழிகிறது. அதே படத்தில் பாண்ட் தண்ணீரிலிருந்து எழுந்து நீச்சல் உடையைக் கழற்றினால் உள்ளே பளிச்சென்று வெள்ளை டின்னர் ஜாக்கெட். அதில் சிவப்புக் கார்னேஷன் பூவைச் செருகிக்கொண்டு நடப்பான். சண்டையும் சாந்தமும் ஒரே ஆளுக்குள் என்று வசனமில்லாமலே சொல்லிவிடுகிறார்கள்.

கானரிக்குப் பிறகு 1969-ல் வந்த ஜார்ஜ் லேசன்பி கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடமாயிற்று. ஆஸ்திரேலிய விளம்பர மாடல். அதற்கு முன் பெரிய நடிப்பு அனுபவம் கிடையாது. கானரியின் தையற்காரரிடம் போய், கானரிக்காகத் தைத்து வாங்காமல் கிடந்த ஒரு சூட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வாய்ப்புக் கேட்கப் போனார். கிடைத்துவிட்டது! ஆனால் ஒரே ஒரு படம். 'பாண்ட் காலம் முடிந்துவிட்டது' என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டுத் தானே விலகிவிட்டார். சூட் வாசல் வரை கொண்டுவிடும். உள்ளே உட்காருவது நம் பாடு.

அடுத்து 1973 முதல் 1985 வரை ரோஜர் மூர். அகலக் காலர், கால் விரிந்த பேன்ட், சஃபாரி! அவரை சஃபாரியில் பார்த்ததும் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்பா ஒரு காக்கி சஃபாரியை எத்தனை விசேஷத்துக்குப் போட்டிருப்பார்! மூரின் பாண்ட் எதையும் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறவன். உடையும் அப்படியே, அந்தந்தக் கால மோஸ்தரோடு கைகோத்து நடக்கிறது. அதனால்தான் கானரியின் சாம்பல் சூட் இன்றைக்கும் பழசாகத் தெரியவில்லை, மூரின் சஃபாரிக்குத் தேதி போட்டுவிடலாம்.

மூர் நடித்து 1983-ல் வந்த 'ஆக்டோபஸி' பாதி உதய்பூரில் நடக்கிறது. நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டுக்கு உதவுகிறவராக வருகிறார், ஆட்டோவெல்லாம் ஓட்டுகிறார். ஆனால் என்னை உலுக்கியது வேறு காட்சி. ஜெர்மனியில் ஒரு சர்க்கஸ். குண்டு வெடிக்கச் சில நிமிஷங்கள்தான். பாண்ட் உள்ளே நுழைவதற்குக் கோமாளி வேஷம் போட்டிருக்கிறான். சிவப்பு மூக்கு, முகத்தில் சாயம். 'இங்கே குண்டு இருக்கிறது' என்று கதறுகிறான். யாரும் நம்பவில்லை! பிடித்துத் தள்ளப் பார்க்கிறார்கள். அதே மனிதன், அதே உண்மை. கோட்டு இல்லை, அவ்வளவுதான்.

அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா? ஏனென்றால் எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. ஒரு தடவை, உறவினர் வீட்டுக்கு ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். வெளுத்துப் போன வாயில் புடவை, கையில் துணிப்பை. வாசலில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேலைக்கு வர்றவங்க பின்பக்கமா போங்கம்மா" என்றார். சுருக்கென்றது. அன்று முழுக்க, 'என்னைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டானே' என்று பொருமினேன். படுக்கும்போதுதான் இன்னொன்று தைத்தது. வேலைக்கு வருகிற பெண் மட்டும் ஏன் பின்பக்கமாகப் போக வேண்டும்? நான் கோபப்பட்டது அநியாயத்துக்காகவா, என்னை அவளோடு சேர்த்ததற்காகவா? பதில் எனக்குப் பெருமையாக இல்லை.

பாண்டுக்கே இந்த கதி நேர்ந்திருக்கிறது. 2006-ல் வந்த 'கேசினோ ராயல்' படத்தில், சாதாரணச் சட்டையில் ஓட்டல் வாசலில் நிற்கிறவனை வண்டி நிறுத்துகிற ஆள் என்று நினைத்து, ஒரு பணக்காரர் சாவியைத் தூக்கிப் போடுகிறார். அவரது காரை அவன் கொண்டுபோய் மோதி நிறுத்துகிற அழகைப் பார்த்து நான் கை தட்டினேன்.

நடுவில் டிமோதி டால்டன் இரண்டு படங்கள். 1989-ல் வந்த 'லைசன்ஸ் டு கில்' ஆரம்பத்தில் நண்பன் கல்யாணத்துக்குச் சாம்பல் கோட்டில் பாராசூட்டில் குதிக்கிறான். நண்பனின் மனைவி கொல்லப்பட்டு, மேலதிகாரியோடு மோதி, உத்தியோகத்தையே உதறிய பிறகு உடுப்பில் அந்தக் கட்டு தளர்ந்துவிடுகிறது. மனசு குலைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது உடைதானே? பிராஸ்னன் காலத்தில் நேர் எதிர். 1995-ல் பீரங்கி வண்டியை ஓட்டித் தெருவையே நொறுக்குகிறான், அடுத்த நிமிஷம் டையைச் சரி செய்துகொள்கிறான். 1999-ல் தண்ணீருக்கு அடியில் படகு போகும்போதும் டையைத்தான் தொடுகிறான். 2012-ல் 'ஸ்கைஃபால்' படத்தில் டேனியல் கிரெய்க், பின்பக்கம் பிய்ந்துபோன ரயில் பெட்டியில் குதித்து இறங்கியதும் சட்டைக் கையை இழுத்து நேராக்குகிறான். 'நான் கலங்கவில்லை' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வது அது. எனக்குப் புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்வது மாதிரி!

ஆனால் எல்லாப் படத்திலும் என் மனசில் தங்கியது 'கேசினோ ராயல்'தான். ரயிலில் வெஸ்பர் என்ற பெண் எதிரே உட்கார்ந்து, அவன் சூட்டைப் பார்த்தே அவனைப் படித்துவிடுகிறாள். நல்ல கோட்டுதான், ஆனால் வெறுப்போடு போட்டிருக்கிறாய். பணக்காரர் வீட்டில் பிறந்தவன் இல்லை. யாரோ தயவில் படித்த அனாதை என்று ஒவ்வொன்றாக உரிக்கிறாள். பிறகு அவளே அவனுக்கு அளவாக ஒரு டின்னர் ஜாக்கெட் தைத்து வைக்கிறாள். முதலில் முறைத்தவன், போட்டுக்கொண்டு கண்ணாடியில் தன்னையே பார்க்கிறான் பாருங்கள்... அந்தப் பார்வையில் ஒரு சின்னப் பிள்ளை தெரிகிறது. அவளைப் பறிகொடுத்த பிறகு, கடைசிக் காட்சியில் மூன்று துண்டு சூட்டில் வந்து நிற்கிறான். அப்போது அது அலங்காரமில்லை, காயத்தின் மேல் போட்ட கவசம்.

ஃப்ளெமிங்கின் கதைப்படி பாண்ட் பதினொரு வயதில் தாய் தகப்பனை மலையேற்ற விபத்தில் இழந்தவன். அப்படியானால் இவன் சட்டையை யார் இஸ்திரி போட்டார்கள்? நம் புத்தி அங்கேதானே போகும்! படங்களில் பதில் இல்லை. நாவலில் மே என்று வயதான ஒரு ஸ்காட்லாந்து அம்மாள் அவன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். உலகத்தையே காப்பாற்றுகிறவனுக்குக் காலையில் முட்டை வேகவைக்கவும் ஒரு பெண் வேண்டியிருக்கிறது. அவளைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

இதெல்லாம் பார்த்த பிறகு பெரியவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "கோட்டு உனக்கு எந்த குணத்தையும் கொடுக்காதுடா. உன்கிட்டே இருக்கிறதை மறைக்காம இருந்தா போதும். அதுக்கு அது உன் அளவா இருக்கணும், உனக்குப் பழகியிருக்கணும்" என்றேன். அண்ணன் மகனிடம் அனுமதி வாங்கி, அந்தக் கோட்டைத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்துத் தோளையும் கையையும் பிடித்துத் தைத்தோம். டையைச் சின்னவன் கற்றுக்கொடுத்தான். பெரிய முக்கோணம் வேண்டாம், எளிய ஒற்றை முடிச்சு. எட்டு நாள் காலைப் பலகாரம் கோட்டோடு. தூங்க மட்டும் விடவில்லை, நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது ஆகாது!

இரண்டாவது இன்டர்வியூ போன புதன்கிழமை நடந்தது. முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் திரும்பி வந்தவன் கோட்டை எறியவில்லை. முடிச்சை அவிழ்த்தான், தூசி தட்டினான், "அம்மா, ஒரு ஹேங்கர் குடு" என்றான். "கோட்டுப் போட்டிருக்கேன்கிறதே பாதியில மறந்துடுச்சும்மா" என்றான். எனக்கு அது போதும். மாமியார் மட்டும், "நாளைக்கு இட்லியை வேட்டியிலே சாப்பிடுவானா, இல்லையா?" என்று கேட்டார்!

உங்கள் வீட்டிலும் கோட்டு இருந்தால் சில வார்த்தை. கழற்றியதும் பீரோவில் திணிக்காதீர்கள். தூசி தட்டி, ஒரு ராத்திரி காற்றாட விடுங்கள். கம்பி ஹேங்கர்தான் இருக்கிறதென்றால் இரண்டு முனையிலும் பழைய துண்டைச் சுற்றிவிடுங்கள், தோள் வடிவம் கெடாது. டையை முடிச்சோடு தொங்கவிடக் கூடாது. பட்டு டை மேல் மெல்லிய பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும். டையை இறுக்கிக் கட்டினால் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது என்று 2003-ல் கண் மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். சில குழந்தைகளுக்கு அந்த நெடியே ரத்தத்தைக் கெடுக்கும். வாயில் போட்டால் விஷம். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வையுங்கள்.

இன்னொன்று, யாரையாவது உடையைப் பார்த்து எடை போடத் தோன்றினால், குண்டைப் பற்றிக் கதறிய அந்தக் கோமாளியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். நானும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போமா?